எபிசனுக்குப் பச்சை, ரெனிஷாவுக்குச் சிவப்பு

எபிசனின் கம்ப்யூட்டர் திரையில் பதினேழு சிவப்பு வரிகள் நின்றுகொண்டிருந்த நேரம் பார்த்து முதலாளி ரசலையன் அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

கையில் சாயா டம்ளர். ஒரு நிமிடம் நின்றார். இரண்டு நிமிடம் நின்றார். பிறகு நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"எல்லாம் செரியாட்டு போகுதா டே?"

"போகுது சார்."

"ம்."

சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்தார். ஏதோ எழுதினார். மறுபடியும் திரையைப் பார்த்தார். பிறகு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எபிசன் அந்தப் பதினேழையும் இன்னொரு தடவை எண்ணினான்.

உண்மையில் அந்தப் பதினேழு வரிகளும் பெரிய குற்றம் எதையும் செய்யவில்லை. நாம் பார்க்கிற ஒவ்வொரு இணையப் பக்கத்துக்கும் பின்னால், நம் கண்ணில் படாமல் ஒரு ஜன்னல் இருக்கிறது. கன்சோல் என்று பேர். பக்கத்தை எழுதுகிறவர்கள் 'இதுவரை வந்தாச்சு', 'படம் கிடைத்தது', 'இங்கே ஏதோ இடிக்கிறது' என்று தங்களுக்குத் தாங்களே அதில் குறிப்பு எழுதிக்கொள்வார்கள். சும்மா தகவல் என்றால் கறுப்பில் வரும். சின்ன முணுமுணுப்பு என்றாலும் பிரவுசர் அதைச் சிவப்பில் எழுதிவிடும். ஒரு சின்னப் படம் வந்து சேராததற்குக்கூட ஊரே தீப்பற்றியதுபோல் சிவப்பு காட்டும்.

இது எபிசனுக்குத் தெரியும். பக்கத்து மேசை ரெனிஷாவுக்கும் தெரியும். ரசலையனுக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

ரசலையன் கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை. சவுதியில் தம்மாமில் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர். சிவப்பு விளக்கு எரிந்தால் ஓட வேண்டும், பச்சை எரிந்தால் நடக்கலாம் என்று அரபிக்கும் நேபாளிக்கும் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவர். ஊருக்குத் திரும்பி, நாகர்கோவில் வடசேரியில் ஒரு பேக்கரிக்கு மேலே மாடியைப் பிடித்து இந்தக் கம்பெனியை ஆரம்பித்தார். வேலைக்கு எபிசன், ரெனிஷா என்று இரண்டே பேர். சாயா போடவும் பெருக்கவும் செல்லக்கனி. அப்படிப்பட்ட மனிதர் ஒரு திரையில் பதினேழு சிவப்பைப் பார்த்தால் என்ன நினைப்பார்?

சாதாரண நாளாக இருந்தால் எபிசன் இதற்கெல்லாம் பயந்திருக்க மாட்டான். ஆனால் முந்தாநாள் அவன் ஒன்றைக் கேட்டுவிட்டான். தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில், அறைக்குள் ரசலையன் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"ஓணம் கழிஞ்சா இந்த ரெண்டு பேருல ஒரு ஆளுதான் இங்க மிச்சம். ஆமா, தீர்மானம் ஆயாச்சு. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. என்ன செய்ய?"

தண்ணீர் பாட்டில் நிரம்பி வழிந்து எபிசனின் செருப்பு நனைந்தது.

அவன் ஏற்கெனவே ஒரு தடவை இப்படி மிச்சமாகாமல் போனவன். பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் இருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை காலை, 'உன்கூட ஒரு பத்து நிமிஷம் பேசணும்' என்றார்கள். ஆறாவது நிமிடத்தில் அவன் அடையாள அட்டை அவர்கள் கையில் இருந்தது. அதற்குப் பிறகு மத்திகோட்டில் வீட்டோடு பதினான்கு மாதம். அப்பா ஜான்ரோஸ் ஒரு வார்த்தை திட்டவில்லை. தினமும் காலையில் பேப்பரில் வேலை விளம்பரம் வந்த பக்கத்தை மட்டும் மடித்து அவன் இட்லித் தட்டின் பக்கத்தில் வைத்தார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் சர்ச் வாசலில் வரிசையாக நின்று விசாரிப்பார்கள்.

"மக்கா, ஒண்ணும் ஆவல்லியா?"

"பாத்துட்டு இருக்கேன் மாமா."

"ஜெபத்துல வச்சிருக்கோம்."

அறுபது குடும்பங்களின் ஜெபத்தில் இருப்பது எவ்வளவு அவமானமான காரியம் என்பது அதில் இருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். இன்னொரு முறை அங்கே போய் நிற்க எபிசனால் முடியாது. ஆகவே அந்த ஒரு ஆள் அவனாகத்தான் இருக்க வேண்டும்.

ரெனிஷா நல்ல பெண்தான். ஒன்றரை வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொண்டுவந்தால் பாதியை அவன் டப்பாவில் வைப்பாள். ஆனால் அவள் திரை எப்போது பார்த்தாலும் வெள்ளை வெளேரென்று இருந்தது. ரசலையன் வருகிற செருப்புச் சத்தம் கேட்டதும் அவள் கன்சோலை மூடிவிடுகிறாள் என்று எபிசன் அன்றைக்குக் கண்டுபிடித்தான். அவள் மூடவில்லை. அவள் அதை எப்போதாவதுதான் திறப்பாள். பயந்தவன் கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அன்று மத்தியானமே எபிசன் வைத்தியத்தை ஆரம்பித்தான்.

கன்சோலில் நிறம் பூசுவது சுலபம். எழுதுகிற வாக்கியத்துக்கு முன்னால் ஒரு சதவீதக் குறியும் அதையொட்டி ஒரு 'சி'யும் போட்டு, பின்னால் என்ன நிறம் என்று சொன்னால் போதும். அவன் தன் குறிப்புகளுக்கெல்லாம் பச்சை பூசினான். அப்படியும் பிரவுசர் தானாக எழுதுகிற சிவப்பு சில மிச்சம் இருந்தன. அவற்றையும் வழியில் மடக்கிப் பிடித்து, பச்சையாக மாற்றி எழுதும்படி ஒரு சின்ன வேலை செய்தான். சாயங்காலம் திரை முழுக்கப் பச்சை. வயலில் நடவு முடிந்த மாதிரி இருந்தது.

மறுநாள் ரசலையன் வந்தார். நின்றார். பார்த்தார்.

"கொள்ளாம். நல்லா இருக்கு," என்றார்.

எபிசனுக்கு மூச்சு வந்தது.

"நீ மத்திகோட்டுல இருந்து வரணும், இல்லியா? ரெண்டு பஸ் மாறணுமோ?"

வந்த மூச்சு போய்விட்டது.

"ஒரு கஷ்டமும் இல்ல சார். கருங்கல் ஸ்டாண்டுல ஏறினா ஜன்னல் சீட்டே கிட்டும்."

"மழைக் காலத்துல?"

"மழையில கூட்டம் கொறவு சார். இன்னும் சொகம்."

ரசலையன் பெருமூச்சு விட்டார். நோட்டை எடுத்தார். எழுதினார். போனார்.

எபிசன் யோசித்தான். தூரத்தைக் காரணம் காட்டித்தான் அனுப்பப் போகிறார். பச்சை போதவில்லை.

அடுத்த வைத்தியம். எழுத்தைப் பெரிதாக்கினான். பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில், கல்யாண வீட்டு வாசல் பேனர் அளவுக்கு 'வெற்றி' என்று வரும்படி செய்தான். ஒரு பட்டனை அழுத்தினால் ஒரு வெற்றி. பக்கம் திறந்தால் ஒரு வெற்றி. பக்கம் திறக்காவிட்டாலும் ஒரு வெற்றி.

ரசலையன் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நீ ரசிச்சு செய்யுத டே. இந்த வேல ஒனக்குப் பிடிச்சிருக்கு, இல்லியா?"

"உயிரு சார்."

மறுநாள் எபிசனின் மேசையில் புது நாற்காலி இருந்தது. கழுத்துக்கு மெத்தை வைத்தது. ரெனிஷாவுக்குப் பழைய நாற்காலிதான்.

வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். எபிசன் அதன் நுனியில்தான் உட்கார்ந்தான். பெங்களூரில் அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின வாரம்தான் அவனுக்குப் புது பேக் கொடுத்தார்கள். சாமான்களை அள்ளிக்கொண்டு போக அது வசதியாக இருந்தது.

சாயா கொண்டுவந்த செல்லக்கனியை மடக்கினான். சாத்தின கதவுக்குள் போய்வருகிற ஒரே ஆள் அவள்தான்.

"அக்கா, சார் என்னப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"நான் சாயா குடுக்கவளாக்கும், கத சொல்லுகவ இல்ல," என்றாள் செல்லக்கனி. "நாக்காலி கொள்ளாமா?"

"கொள்ளாம்."

"பின்ன இருந்து வேலயப் பாரு. எதுக்கு முள்ளுமேல இருக்க மாதிரி இருக்க?"

அன்று பதினொரு மணிக்கு ரசலையன் ரெனிஷாவை அறைக்குக் கூப்பிட்டார். நாற்பது நிமிடம் கதவு திறக்கவில்லை. திறந்தபோது ரெனிஷாவின் கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. ரசலையன் அவள் தலையில் கை வைத்து, "நல்லா இருப்ப மக்கா," என்றது எபிசனுக்குத் தெளிவாகக் கேட்டது.

அவளுக்கு உறுதியாகிவிட்டது. அவ்வளவுதான்.

ரெனிஷா நேராக அவன் மேசைக்கு வந்தாள்.

"எபிசன், ஒனக்கிட்ட ஒரு விசயம் சொல்லணும். சார் இப்பம் சொல்லாண்டாம்னு சொன்னாரு, ஆனாலும் நீ அறிஞ்சிருக்கணும்."

"சார் சொல்லாண்டாம்னா சொல்லாத."

"இல்ல, இது..."

"எனக்கு வேல கெடக்கு ரெனிஷா."

அவள் தன் மேசைக்குத் திரும்பிப் போனாள். மத்தியானம் அவள் நீட்டிய மீன்கறியை எபிசன் வேண்டாம் என்றான். வயிறு சரியில்லை என்றான். அது மட்டும் உண்மை.

பிறகு அவன் செய்த காரியத்தை அவனே நல்ல காரியம் என்று சொல்லமாட்டான். ஆனால் செய்தான்.

இரண்டு பேரும் சேர்ந்து செய்துகொண்டிருந்தது தோவாளைப் பூச்சந்தை மொத்த வியாபாரி பொன்னுலிங்கத்துக்கான இணையதளம். ஓணம் வந்தால் அத்தப்பூக் கோலம் போட மலையாளக் கரைக்கெல்லாம் தோவாளையிலிருந்துதான் பூ போகும். நெய்யாற்றின்கரையிலும் பாலராமபுரத்திலும் இருக்கிற பூக்கடைக்காரர்கள் போனில் அந்தத் தளத்தைத் திறந்து எத்தனை கிலோ என்று சொல்லலாம். சொன்னதும் தோவாளைக் கடையில் சீட்டு அடிக்கும். சீட்டைப் பார்த்துப் பூவைக் கட்டுவார்கள். ஆர்டரை அனுப்புகிற பகுதி எபிசனுடையது. பூப் படங்களும் பக்கத்தின் அழகும் ரெனிஷாவுடையது. கன்சோலில் குறிப்பு எழுதுகிற இடம் மட்டும் இருவருக்கும் பொது.

அந்தப் பொது இடத்தில் எபிசன் இரண்டே வரி சேர்த்தான். அவன் எழுதின பகுதியிலிருந்து எது வந்தாலும் பச்சை, அது பிழையாக இருந்தாலும் பச்சை. ரெனிஷாவின் பகுதியிலிருந்து எது வந்தாலும் சிவப்பு, அது நல்ல செய்தியாக இருந்தாலும் சிவப்பு. முன்னால் அவள் பெயரும் வரும்.

'ரெனிஷா: பிச்சிப்பூ படம் வந்து சேர்ந்தது.' சிவப்பு.

'ரெனிஷா: அரளி படம் வந்து சேர்ந்தது.' சிவப்பு.

பார்க்கவே பயங்கரமாக இருந்தது. ஓணம்வரை இதை ரசலையன் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும், தீர்மானம் மாறும் என்று எபிசன் நம்பினான். இரண்டு நாள் அவன் நன்றாகச் சாப்பிட்டான்.

ஓணக் கொண்டாட்டம் தொடங்குகிற அத்தத்தன்று காலை தளத்துக்குத் திறப்பு விழா. ரசலையன் தன் காரில் இருவரையும் ஏற்றிக்கொண்டு தோவாளைக்குப் போனார். வழியில் ரெனிஷா ஒரு தடவை திரும்பி, "எபிசன், அன்னைக்குச் சொல்ல வந்தேனே..." என்று ஆரம்பித்தாள்.

"விழா கழியட்டும்," என்றான் எபிசன். ரசலையனும் முன்சீட்டிலிருந்து, "ஆமா மக்கா, இது கழியட்டும்," என்றார். இரண்டு பேரும் சேர்ந்துவிட்டார்கள் என்று எபிசன் நினைத்துக்கொண்டான்.

பொன்னுலிங்கம் கடையில் வாழை கட்டியிருந்தது. தராசு வைக்கிற மேசையில் லேப்டாப்பை வைத்து, சுவரில் இருந்த டிவியோடு இணைத்தார்கள். பொன்னுலிங்கம் சந்தனம் பூசிய நெற்றியோடு டிவிக்கு நேர் எதிரில் உட்கார்ந்தார்.

"எபிசா, அந்தப் பச்சையா எழுத்து ஓடுமே, அதக் காட்டு டே," என்றார் ரசலையன். "அண்ணாச்சி பாக்கட்டு. நம்ம பையனுக்க வேல."

எபிசனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கன்சோலைத் திறந்து பெரிதாக்கினான்.

முதல் ஆர்டர் வந்தது. நெய்யாற்றின்கரையிலிருந்து வாடாமல்லி பத்து கிலோ. டிவியில் ஒரு பச்சை வரி. மூலையில் சீட்டு அடிக்கிற மெஷின் ஒரு சீட்டைத் துப்பியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

இன்னொரு பச்சை வரி. இன்னொரு சீட்டு.

இன்னொன்று. இன்னொன்று.

"அடா, அடா," என்றார் பொன்னுலிங்கம். "இந்தப் பச்சை ஒவ்வொண்ணும் ஒரு ஆர்டராக்கும், என்ன?"

"அப்படித்தான் அண்ணாச்சி," என்றார் ரசலையன், எபிசனைப் பார்த்து.

எபிசன் தலையாட்டினான். அவன் அந்த வரிகளை வாசிக்கவில்லை. இத்தனை நாளாகப் பச்சையைப் பார்த்தால் எல்லாம் நலம் என்று அவன் கண் பழகியிருந்தது. தான் பூசிய சாயத்தை முதலில் நம்பியவன் அவன்தான்.

வரிகள் ஓடின. வெற்றி, வெற்றி என்று டிவி நிரம்பியது. சீட்டு நாடா தரையில் இறங்கிச் சுருண்டது; எந்தக் கடை என்று யாரும் வாசிக்கவில்லை, எத்தனை சீட்டு என்று மட்டும் எண்ணினார்கள். பொன்னுலிங்கம் எழுந்து நின்று சந்தைக்குள் ஆள் அனுப்பினார். எந்தக் கடையில் வாடாமல்லி இருந்தாலும் பிடிக்கச் சொன்னார். பூக்கட்டுகிற பெண்கள் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினார்கள். சாக்குகள் அடுக்கடுக்காக ஏறின. ரசலையனுக்கு லட்டு கொடுத்தார்கள். எபிசனுக்கு இரண்டு கொடுத்தார்கள்.

நாற்பதாவது நிமிடத்தில் பொன்னுலிங்கத்தின் போன் அடித்தது.

"ஆமா, சொல்லணும்... என்னது... எத்தர?"

போனைக் காதிலிருந்து எடுத்தார். முகத்தில் சந்தனம் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

"நெய்யாற்றின்கரக்காரன் பேசுகான். அவன் கேட்டது ஒரு பத்து கிலோவாம். அவனுக்க போனுல நூத்திப்பதினெட்டு மெசேஜ் வந்திருக்காம். ஒவ்வொண்ணுலயும் பத்து கிலோ."

மூலையில் மெஷின் இன்னொரு சீட்டைத் துப்பியது.

"எங்கயோ தப்பு," என்றார் ரசலையன், டிவியைப் பார்த்தபடி.

எல்லோரும் டிவியைப் பார்த்தார்கள். பச்சைக் கடலுக்கு நடுவில் மேலே மூன்றே மூன்று சிவப்பு வரிகள் இருந்தன.

"தோ, செவப்பு," என்றார் பொன்னுலிங்கம். "அதுல ஒரு பேரு எழுதியிருக்கே. யாரு ரெனிஷா?"

ரெனிஷாவின் முகம் வெளுத்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பூக்கட்டுகிற பெண்களும் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் எபிசன் வாயைத் திறந்திருக்கலாம். ஒரே வாக்கியம் போதும். அவன் கையில் பாதி லட்டு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ரெனிஷா மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள். தன் பகுதியை வரிவரியாகத் தேடினாள். பிச்சிப்பூ படத்தை எடுத்துவிட்டுப் பார்த்தாள். அரளியை எடுத்துவிட்டுப் பார்த்தாள். எல்லாப் பூவும் போயிற்று, சீட்டு நிற்கவில்லை. பத்து நிமிடம் ஆயிற்று. இருபது ஆயிற்று. சந்தையில் இருந்த வாடாமல்லி முழுவதும் பொன்னுலிங்கம் கடைக்கு வந்து சேர்ந்தது.

கடைசியில் அவள் சிவப்பை விட்டுவிட்டு ஒரு பச்சை வரியை மெதுவாக வாசித்தாள். வெற்றி என்ற பெரிய எழுத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது: 'பிழை. பதில் வரவில்லை. ஆர்டரை மறுபடியும் அனுப்புகிறேன்.'

தோவாளைக் கடைக்கு ஆர்டர் நன்றாகத்தான் போய்ச் சேர்ந்திருந்தது. சேர்ந்தாயிற்று என்ற பதிலைத்தான் எபிசன் எழுதின பகுதி வாங்கத் தெரியாமல் நின்றது. நின்ற இடத்தில் நின்று திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. சிவப்பாக வந்திருந்தால் இரண்டாவது வரியிலேயே சிறுபிள்ளைகூடப் பிடித்திருக்கும்.

ரெனிஷா ஒரு சொல்லை மாற்றினாள். மெஷின் நின்றது.

பிறகு அந்தப் பொது இடத்தைத் திறந்தாள். அவன் சேர்த்திருந்த இரண்டு வரிகளையும் பார்த்தாள். எபிசனுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினாள்.

"எனக்குச் செவப்பு. ஒனக்குப் பச்சை. இல்லியா?"

"ரெனிஷா, அது வந்து..."

"எதுக்கு டே? நான் ஒனக்கு என்ன செய்தேன்?"

அவள் அந்த இரண்டு வரிகளையும் அழித்தாள். ரசலையனிடம் திரும்பி, "செரியாயிட்டு சார். சின்னத் தப்புதான்," என்றாள். யாருடைய தப்பு என்று சொல்லவில்லை. அது எபிசனுக்கு அடி வாங்கியதைவிட மோசமாக இருந்தது.

பொன்னுலிங்கம் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ரசலையன் குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டார்.

"எல்லாம் எனக்க பொறுப்பு அண்ணாச்சி," என்றார். "மிச்சப் பூவ நான் எடுத்துக்கிடுகேன்."

நல்லவேளையாக அது வாடாமல்லி, நாலு நாள் தாங்கும். காரின் டிக்கியிலும் பின்சீட்டிலும் சாக்கு ஏற்றினார்கள். போதாததற்கு ஒரு குட்டியானை வண்டி பிடித்தார்கள். எபிசன் மடியில் ஒரு சாக்கை வைத்துக்கொண்டு வந்தான். முன்சீட்டில் ரெனிஷா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வடசேரியில் இறங்கியபோது ரசலையன் அவன் தோளில் கை வைத்தார்.

"தப்பு வராத மனுசன் உண்டா டே. மனசுல வச்சுக்காத. நாளைக்கு ஒனக்கிட்ட ஒரு காரியம் பேசணும். ஒரு பத்து நிமிசம்."

பத்து நிமிடம். பெங்களூரிலும் அதே பத்து நிமிடம்தான்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவன் ஒன்றையே நினைத்தான். இன்னொருத்தர் கையால் அடையாள அட்டையைக் கழற்றிக்கொடுக்கிற அசிங்கம் இனி வேண்டாம். அவர் பேசுவதற்கு முன்னால் நானே பேசிவிட்டால், சர்ச் வாசலில் 'நானாத்தான் விட்டேன் மாமா' என்று சொல்லலாம். அந்த ஒரு வாக்கியமாவது மிஞ்சும்.

மறுநாள் ஆபீசில் நடக்க இடமில்லை. மேசைக்கு அடியிலும் மாடிப்படியிலும் வாடாமல்லிச் சாக்குகள். ரசலையன் தெரிந்த கோயில், சர்ச், கல்யாண மண்டபம் எல்லாவற்றுக்கும் போன் போட்டுப் பூ வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். ரெனிஷா அன்று லீவு.

எபிசன் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனான். ராஜினாமாக் கடிதத்தை மேசையில் வைத்தான்.

ரசலையன் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை வாசித்தார்.

"வேற எடம் கிட்டியாச்சா?"

"ஆமா சார்," என்றான் எபிசன். ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"நல்ல எடமா?"

"நல்ல எடம் சார்."

"இத விட நல்ல எடம்?"

"கொஞ்சம் நல்ல எடம் சார்."

ரசலையன் குட்டி நோட்டை எடுத்தார். ஒன்றும் எழுதவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து அதை உள்ளே போட்டு மூடினார்.

"அப்பம் செரி. போறவனப் பிடிச்சுக் கெட்டி வைக்க முடியுமா?" என்று கையெழுத்துப் போட்டார். "நல்லா இருப்ப மக்கா."

ரெனிஷாவுக்குச் சொன்ன அதே வார்த்தை. ஆனால் தலையில் கை வைக்கவில்லை. பாரம் இறங்கியதில் அவருக்குக் குரல் தழதழத்ததாக எபிசன் நினைத்தான். ஒரு வார்த்தை தடுக்கவில்லையே, காத்துக்கொண்டுதானே இருந்திருக்கிறார் என்று அவனுக்குக் கசந்தது. தன் கணக்கு சரியாகப் போயிற்று என்பதில் கொஞ்சம் திருப்தியும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வருவது மோசமான உணர்ச்சி.

மேசைக்கு வந்து சாமான்களைப் பெங்களூர் பேக்கில் அள்ளினான். கடைசியாகக் கன்சோலைத் திறந்து பார்த்தான். ரெனிஷா நிறங்களை எல்லாம் எடுத்துவிட்டிருந்தாள். வெறும் கறுப்பு எழுத்து, வெள்ளைத் திரை. சுத்தமாக இருந்தது.

செல்லக்கனி துடைப்பத்தோடு வந்து தரையில் சிதறிக் கிடந்த வாடாமல்லியைக் கூட்டினாள். பேக்கைப் பார்த்தாள். புது நாற்காலியைப் பார்த்தாள்.

"நீயும் எழுதிக் குடுத்துட்டியா?"

"ஆமாக்கா," என்றான் எபிசன். "ரெண்டு பேருல ஒரு ஆளு போணும்னு சார் எப்பமே தீர்மானம் செய்தாச்சு. அவரு வாயால சொல்லுகதுக்கு முந்தி நானே போறது மரியாத. தெனமும் பின்னால வந்து நின்னு பாத்தாரே, அப்பமே எனக்குத் தெரியும்."

செல்லக்கனி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். அவனைப் பார்த்தாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"மாப்பிளகூட அயர்லாந்துக்குப் போகேன்னு ரெனிஷா ஆடி பொறந்தப்பமே எழுதிக் குடுத்தாச்சே, நீ ஒருத்தனாவது நிப்பியா, மாட்டியான்னுதான் மக்கா, அந்த மனுசன் தெனமும் ஒனக்க பின்னால வந்து நின்னாரு."